கச்சான் காற்றில் டப்பா அடுப்பு: தொண்டி முதல் வாலிநோக்கம் வரை

ராமநாதபுரம் கடலோரத்தில் அடுப்பைத் தூக்கிக்கொண்டு நடப்பவருக்கு விறகு ஒரு கவலையே இல்லை. தொண்டியில் தொடங்கி வாலிநோக்கம் வரை எங்கே உட்கார்ந்தாலும் சீமைக்கருவேலம் கைக்கு எட்டும். அதை விட்டால் பனை. இங்கே அடுப்பைக் கெடுப்பவை காற்று, மணல், உப்பு. மலைப்பக்கம் ஜோராக எரிந்த அடுப்பு கடற்கரைக்கு வந்ததும் புகைந்து மானத்தை வாங்குவது இதனால்தான்.

பலரும் முதலில் செய்துபார்ப்பது இரட்டைச் சுவர் டப்பா அடுப்பு. ஒரு கிலோ பால் பவுடர் டப்பா (விட்டம் 13 செ.மீ. வாக்கில்) வெளிச்சுவர். 10 செ.மீ. விட்டமுள்ள சின்ன டப்பா உள்சுவர். பெரிய டப்பாவைக் கவிழ்த்து, மேலே வந்த அடித்தகட்டில் சின்ன டப்பா இறங்கும் அளவுக்கு வட்டம் வெட்ட வேண்டும். சின்னதன் விளிம்பு அதில் மாட்டி நிற்க வேண்டும், வழுக்கி உள்ளே விழக்கூடாது. உள்டப்பாவின் அடியில் 5 மி.மீ. துளைகள் 20. விளிம்புக்கு 2 செ.மீ. கீழே சுற்றிலும் 6 மி.மீ. துளைகள் 20. வெளிடப்பாவின் கீழ்ப்பக்கம் 12 மி.மீ. துளைகள் 10. வெளித்துளைகளின் மொத்தப் பரப்பு, உள்துளைகள் எல்லாம் சேர்ந்ததைவிடக் குறையக்கூடாது. குறைந்தால் மேல்வரிசைக்குக் காற்று போதாமல் புகை அப்படியே வெளியே வரும். துளை போடும்போது தகரம் நசுங்காமலிருக்க டப்பாவுக்குள் ஈரமணலை இறுக்கி அடைத்துக்கொள்ளலாம். எல்லாம் சேர்த்து எடை கால் கிலோதான்.

நாகப்பூச்சு போட்ட தகரம் வேண்டாம். சூட்டில் வரும் துத்தநாகப் புகையை இழுத்தால் காய்ச்சல் வரும். குளிர்பான அலுமினிய டப்பா 660 டிகிரியில் உருகிவிடும், அதையும் மறந்துவிடலாம். எந்த டப்பாவாக இருந்தாலும் முதல் தடவை வெறும் விறகு போட்டு வெட்டவெளியில் எரித்து, பெயின்ட் பூச்சு கருகித் தீர்ந்த பிறகே பாத்திரம் ஏற்ற வேண்டும்.

இந்த அடுப்பை மேலிருந்து பற்றவைக்க வேண்டும். விறகுத் துண்டுகள் மேல்வரிசைத் துளைக்கு ஒரு செ.மீ. கீழேயே நின்றுவிட வேண்டும். ஆசைப்பட்டு விளிம்புவரை அடைத்தால் துளை மூடி, வெறும் புகைபோக்கிதான் மிஞ்சும். சரியாக அமைந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் மேல்துளை ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனி நாக்காகத் தீ உள்நோக்கி எரியும். கீழே விறகு சூட்டில் வாயுவாகிக்கொண்டிருக்க, அந்த வாயுதான் மேலே எரிகிறது. பாத்திரம் விளிம்பிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் நிற்க மூன்று போல்ட் போதும். நேராக விளிம்பில் வைத்தால் மூச்சடைத்து அணைந்துபோகும்.

கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை சேதுக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் இந்த அடுப்பு படுத்துவிடும். கீழ்த்துளைக்குள் காற்று புகுந்து விறகை ஒரேயடியாக எரித்துவிடும், மேல்நாக்குகளையும் கலைக்கும். அதே மாதங்களில் தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் காற்று நிலத்திலிருந்து வருவதால், ஒரு திட்டோ பனைவரிசையோ மறைத்தாலே சமாளிக்கலாம். வடகிழக்கிலிருந்து வாடை வீசும் காலத்தில் கதை தலைகீழ்.

எங்கள் கட்சி எவர்சில்வர் கரண்டி ஸ்டாண்டையே அடுப்பாக்குவது. பாத்திரக்கடையில் சுற்றிலும் துளையோடு கிடைப்பதுதான். துளைபோடும் வேலை மிச்சம். கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் 5 செ.மீ. அகலம், 4 செ.மீ. உயரத்துக்குத் தகரக் கத்திரியால் ஒரு ஜன்னல். விரல்தடிமன் சுள்ளியை அது வழியாகத் தள்ளிக்கொண்டே இருக்கலாம். டப்பா அடுப்பு ஒருமுறை நிரப்பினால் கால்மணி நேரம் எரியும், டீக்குச் சரி, சோற்றுக்குப் போதாது. பழைய எண்ணெய் டின்னின் ஒரு பக்கத் தகட்டை வளைத்து, அடுப்பிலிருந்து நாலு செ.மீ. தள்ளி, காற்று வரும் பக்கம் மட்டும் மறைக்க வேண்டும். முழுக்கச் சுற்றிவிட்டால் தீ திணறும்.

மணலில் நேராக வைத்தால் ஐந்தே நிமிடத்தில் அடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து, கீழ்த்துளைகள் மணலில் புதைந்துவிடும். உடைந்த ஓட்டுத்துண்டு ஒன்று அடியில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

பற்றவைக்க, பனைமட்டையின் அடியில் வலைபோல இருக்கும் பன்னாடைக்கு மேல் எதுவுமில்லை. பிரித்து உதறினால் ஒரே தீக்குச்சியில் பிடிக்கும். அரியமான் பக்கம் சவுக்கு ஊசியும் காயும் கிடைக்கும். பிறகு காய்ந்த கருவேலம், நடுநடுவே கொட்டாங்கச்சி. பச்சைக் கருவேலம் கண்ணைப் பிடுங்கும். முள் செருப்பைத் துளைத்து ஏறும், பார்த்து ஒடிக்க வேண்டும். அரை லிட்டர் தண்ணீர் கொதிக்க, வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போகும் என்று வைத்தாலும் 50 கிராம் விறகு போதும். விழுந்துகிடக்கும் பனைமட்டையை எடுக்குமுன் தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை, "அண்ணாச்சி, ரெண்டு மட்டை எடுத்துக்கவா?" வேலிக்கும் அடுப்புக்கும் அவர்கள் சேர்த்து வைத்ததாக இருக்கும்.

கரையொதுங்கிய கட்டை வேண்டாம். உப்பில் ஊறிய விறகு நச்சுப்புகை விடும், அடுப்புத் தகரத்தையும் அரிக்கும். பழைய வள்ளத்துப் பலகையில் பெயின்ட் இருக்கும். சாலையோரம் மூட்டையில் விற்கும் மூட்டக்கரி நல்ல கரிதான், ஆனால் கூடாரத்துக்குள் கொண்டுபோனால் கார்பன் மோனாக்சைடு ஆளையே முடித்துவிடும்.

இடம் பார்ப்பதிலும் விவரம் வேண்டும். நைலான் வலை காயும் இடத்தைத் தாண்டிக் காற்று நம் பக்கம் வரும்படி உட்கார வேண்டும். பொறி வலைப்பக்கம் பறந்தால் வலை பொத்தலாகும், ஒருவர் பிழைப்பு கெடும். காரங்காட்டு அலையாத்திக் காட்டில் சுள்ளிகூட ஒடிக்கக்கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, அங்கே அனுமதியில்லாமல் இறங்குவதே குற்றம். தனுஷ்கோடியில் மாலையானால் எல்லோரையும் கிளப்பிவிடுவார்கள். இரவுச் சமையலை அங்கே வைத்துக்கொள்ள முடியாது.

அணையாத கங்குகளை மணலில் புதைத்துவிட்டு வரக்கூடாது. மேலே ஆறியதுபோல இருக்கும், உள்ளே நெடுநேரம் கனலும். விடியக்காலை வெறுங்காலோடு கரைக்கு வருபவர் மிதிப்பார். தட்டில் கொட்டிக் கடல்தண்ணீர் ஊற்றி, கையால் தொட்டுப்பார்த்த பிறகே நகர வேண்டும். அடுப்பின் மேல் மட்டும் அந்தத் தண்ணீர் படவேண்டாம். டப்பா அடுப்பாக இருந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, சூடுகாட்டி, தேங்காய் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். இல்லையென்றால் உப்புக்காற்றில் முதலில் துருப்பிடித்து விரிவது மேல்வரிசைத் துளைகள்தான்.