வால்வு மைக்கைப் படித்த விதம்: ஒலிப்பதிவுச் செய்முறைத் தேர்வு எழுதுவோருக்கு

சென்னையில் ஒலிப்பதிவுப் பட்டயப் படிப்பின் இறுதியாண்டில் இருந்தபோது மைக்ரோஃபோன் செய்முறைத் தேர்வுக்கு நான் இரண்டு முறை சென்றேன். முதல் முறை தேறவில்லை. அது நவம்பர் மாதம், அடைமழை நாள். கருவியறையில் இரவு முழுவதும் ஏசி ஓடியிருந்தது. அங்கிருந்த வால்வு மைக்கை (உள்ளே வால்வு, அதாவது வெற்றிடக் குழாய், கொண்ட மைக்ரோஃபோனை) எடுத்துவந்து, புழுக்கமாயிருந்த பதிவுக் கூடத்தில் ஸ்டாண்டில் பொருத்தி, உடனே பவர் சப்ளையைப் போட்டேன். ஹெட்ஃபோனில் காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிப்பதைப் போன்ற ஓசை விட்டுவிட்டுக் கேட்டது.

"தம்பி, இந்தச் சத்தம் மைக்கின் எந்த இடத்தில் பிறக்கிறது?" என்று புறத்தேர்வாளர் கேட்டார். "வால்வு பழசாகியிருக்கும், சார், மாற்ற வேண்டும்" என்றேன். "வேறு காரணம் ஏதும் தோன்றுகிறதா?" என்று பொறுமையாக மீண்டும் கேட்டார். எனக்கு எதுவும் தோன்றவில்லை. அரை மணி நேரம் கழித்து அதே மைக்கை, அதே வால்வோடு, எனக்கு அடுத்த மாணவர் பயன்படுத்தியபோது அந்த ஓசை முற்றிலும் நின்றிருந்தது. வால்வின் சூட்டில் மைக்கின் உட்புற ஈரம் உலர்ந்துவிட்டது என்பதை அன்று மாலைதான் புரிந்துகொண்டேன். சென்னையின் மழைக்காலக் காற்றில் பனிப்புள்ளி 23 டிகிரி செல்சியஸை ஒட்டியிருப்பது சாதாரணம். அதைவிடக் குளிர்ந்த எந்தப் பொருளை வெளியே கொண்டுவந்தாலும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்ப்பதைப் போல அதன் மேல் நீர் படியும்.

அடுத்த தேர்வுக்கு நான் படித்த முறையே வேறு. முதல் முறை மைக்குகளின் பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்திருந்தேன்; இரண்டாம் முறை, ஒலியை வாங்கும் பகுதியான காப்சூலில் தொடங்கி, மின்குறி செல்லும் வழியிலேயே நடந்து வெளியீட்டு ட்ரான்ஸ்ஃபார்மர் வரை படித்தேன். இதைப் படிப்பவர்களும் அப்படியே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். காப்சூல் என்பது ஒரு மின்தேக்கி. அதன் மின்தேக்குத்திறனை 60 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 20 ஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு ஏறத்தாழ 130 மெகாஓம் வரும். இவ்வளவு பலவீனமான மூலத்திலிருந்து வரும் மின்குறியை நீளமான கேபிளில் அனுப்ப முடியாது என்பதால்தான் வால்வு காப்சூலுக்கு மிக அருகில், மைக்கின் உடலுக்குள்ளேயே வைக்கப்படுகிறது. வால்வின் உள்ளீட்டு முனையான கிரிட்டோடு இணைந்த மின்தடையும் பல பத்து மெகாஓம் முதல் நூற்றுக்கணக்கான மெகாஓம் வரை இருக்கிறது. அந்த மின்தடை 100 மெகாஓம் என்றால் கீழ்ச்சுருதி எல்லை சுமார் 26 ஹெர்ட்ஸில் அமையும். ஈரமோ அழுக்கோ இன்னொரு 100 மெகாஓம் கசிவுப் பாதையை உண்டாக்கிவிட்டால் அந்த எல்லை 53 ஹெர்ட்ஸுக்கு ஏறி, அடிக்குரல் மெலிந்து, இரைச்சலும் கூடும். காப்சூலின் மேல் அதை இயங்கவைக்கும் சுமார் 60 வோல்ட் மின்னழுத்தம் (போலரைசேஷன்) நிற்பதால், கசிவு சீராக இல்லாமல் துள்ளித் துள்ளி நிகழும்போது அது வெடிப்போசையாகக் கேட்கிறது. இந்த ஒரு கணக்கு புரிந்தால் பராமரிப்பு விதிகளில் பாதியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விரலால் ஏன் தொடக்கூடாது, வாயால் ஏன் ஊதக்கூடாது, ஏன் உலர்வாக வைக்க வேண்டும் என்ற மூன்றுக்கும் விடை இதிலேயே இருக்கிறது.

வரலாற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. பராமரிப்போடு சேர்த்துப் படியுங்கள் என்கிறேன். பெர்லினின் நாய்மன் நிறுவனம் 1949-இல் கொண்டுவந்த யூ 47 மைக்கில் டெலிஃபுங்கனின் விஎஃப் 14 என்ற உலோக உறை வால்வு இருந்தது. அதைச் சூடேற்றும் ஹீட்டர் 55 வோல்ட்டுக்கு உரியது என்றாலும் ஏறத்தாழ 36 வோல்ட்டில்தான் ஓடியது. அந்த வால்வின் உற்பத்தி நின்றுபோனதால், இன்று ஒரு யூ 47 வைத்திருப்பவருக்கு வால்வே பெருங்கவலை. யூ 47-இன் எம் 7 காப்சூலில் ஒலிக்கு அதிரும் மெல்லிய படலமான டயாஃப்ரம் பிவிசியால் ஆனது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது இறுகிவிடும். 1960-இல் வந்த யூ 67-இல் இஎஃப் 86 வால்வும் பாலியெஸ்டர் டயாஃப்ரமும் அமைந்தன. 2018-இல் அதே மைக் மீண்டும் தயாரிக்கப்பட்டது. வியன்னாவில் ஏகேஜி 1953-இல் வெளியிட்ட சி 12-இல் 6072 வால்வு இருந்தது. எந்தத் திசையின் ஒலியை மைக் ஏற்கும் என்ற ஒலியேற்பு வடிவத்தை மாற்றும் குமிழ் மைக்கில் இல்லாமல் தனிப்பெட்டியில் இருந்தது. 1992-இல் சோனி வெளியிட்ட சி-800ஜி மைக்கின் பின்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகத் தகடுகள், வால்வைக் குளிர்விக்கும் பெல்டியர் அமைப்பைச் சேர்ந்தவை. வால்வின் சூட்டை ஒரு நிறுவனம் எவ்வளவு பெரிய சிக்கலாகக் கருதியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வாய்மொழித் தேர்வில் கிடைக்காது.

இனி காதுப் பயிற்சி. நான் பயிற்சிக்குச் சென்ற ஸ்டுடியோவின் மூத்த பொறியாளர், பழுதான மைக்குகளின் ஓசைகளைப் பதிவுசெய்து வைத்திருந்தார். மூன்று வாரங்கள் நாள்தோறும் அவற்றைக் கேட்டு, காரணத்தை எழுதி, அவரிடம் காட்டித் திருத்திக்கொண்டேன். சீரான சீற்றம் பெரும்பாலும் வால்விலிருந்து வருகிறது. மைக்கின் உடலை நகத்தால் மெல்லத் தட்டும்போது மணிபோல் ரீங்காரம் தொடர்ந்தால், வால்வின் உள்ளுறுப்புகள் அதிர்கின்றன என்று பொருள். 100 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்டால் பவர் சப்ளையின் வடிகட்டி மின்தேக்கிகளைச் சந்தேகிக்க வேண்டும்; 50 ஹெர்ட்ஸ் என்றால் முதலில் கேபிளையும் எர்த் இணைப்பையும் பார்க்க வேண்டும். ஒழுங்கற்ற வெடிப்பு கேட்டால், ஈரம் அல்லது தூசு. இந்தக் கடைசி நிலையில் மைக்கைத் திறக்காமலே செய்யக்கூடிய ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. இரட்டை டயாஃப்ரம் கொண்ட மைக்கில், முன்பக்க ஒலியை முதன்மையாக ஏற்கும் கார்டியாய்டு வடிவத்தின்போது பின்பக்க டயாஃப்ரமுக்குப் போலரைசேஷன் இருக்காது. ஆகவே கார்டியாய்டில் அமைதியாக இருந்து, எல்லாப் பக்கமும் ஏற்கும் ஆம்னிக்கோ, முன்னும் பின்னும் ஏற்கும் எட்டு வடிவத்துக்கோ மாற்றியதும் வெடிப்பு தொடங்கினால், பழுது பின்பக்கத்தில்தான். வடிவத்தை மாற்றும்முன் சேனலை மியூட் செய்து, மாற்றியபின் மின்னழுத்தம் நிலைபெறச் சற்றுக் காத்திருக்க வேண்டும் என்பதையும் தேர்வாளர்கள் கவனிக்கிறார்கள்.

பாதுகாப்பு பற்றிய கேள்வி கட்டாயம் வரும். யூ 67-இன் வால்வுக்கு 210 வோல்ட் செல்கிறது. பவர் சப்ளையை அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் சிறிது நேரம் தங்கியிருக்கும். எனவே மின்சாரம் ஓடும்போது பலமுனைக் கேபிளைச் செருகவோ பிடுங்கவோ கூடாது. மைக்கை அதிர்வு தாங்கும் ஷாக் மவுண்டில் பொருத்துவது, கேபிளை இணைப்பது, மின்குறியைப் பெருக்கும் பிரீஆம்பில், கேபிள் வழியே மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் ஃபேண்டம் பவர் அணைந்திருக்கிறதா என்று பார்ப்பது, அதன்பின் பவர் சப்ளையைப் போடுவது, அரை மணி நேரம் சூடேற விடுவது என்ற வரிசையைக் கை தானாகச் செய்யும்வரை பழகுங்கள். மழைக்காலமென்றால் இதற்கும் முன்னால் ஒரு படி உண்டு: மைக்கைப் பெட்டியிலிருந்து எடுக்காமல், மூடிய பெட்டியோடு கூடத்தின் வெப்பநிலைக்கு வரவிட வேண்டும்.

பாடகரின் வாய்க்கும் மைக்குக்கும் இடையே பாப் ஃபில்டர் வைப்பதைக் 'ப' போன்ற ஒலிகளின் காற்று மோதலுக்கான தடுப்பு என்று மட்டும் பதிவேட்டில் எழுதாதீர்கள். எச்சில் துளிகள் டயாஃப்ரமின் தங்கப்பூச்சின் மேல் படியாமல் காப்பதும் அதுவே. எச்சில் படிந்துவிட்ட காப்சூலை மாணவர் துடைக்க முயலவே கூடாது. தங்கப்பூச்சு தாங்கிய அந்தப் படலத்தின் தடிமன் சில மைக்ரான்களே. அதைத் தூய்மை செய்வது காப்சூல் பழுதுபார்ப்பவரின் தனித்திறன். "நான் செய்யமாட்டேன், அனுபவமுள்ளவரிடம் அனுப்புவேன்" என்று சொல்வதற்குத் தயங்க வேண்டாம்; சரியான விடை அதுதான்.

மார்ச் மாதத்தில் நடந்த இரண்டாம் தேர்வில், வேறொரு புறத்தேர்வாளர் என்னை ஒரு பாடலின் பல்லவியை மட்டும் பதிவுசெய்யச் சொன்னார். பதிவுக்கு எடுத்துக்கொண்டதைவிட, முடித்துவைப்பதற்கே அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். பவர் சப்ளையை அணைத்து, மைக் ஆறும்வரை தூசு படாமல் துணியால் மூடி ஸ்டாண்டிலேயே விட்டேன். "ஏன் பெட்டியில் வைக்கவில்லை?" என்றார். சூடு ஆறாத மைக்கை அடைத்தால் உள்ளிருக்கும் ஈரக்காற்று குளிரும்போது காப்சூலின் மேலேயே படியக்கூடும் என்று விளக்கினேன். தலையசைத்தவர், பெட்டியிலிருந்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தைக் காட்டி அது இன்னும் வேலை செய்கிறதா என்று கேட்டார். மணிகள் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறியிருந்தன. புதிய பொட்டலத்தை வைத்து, நாளையும் மைக் ஓடிய நேரத்தையும் கருவியறைப் பதிவேட்டில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன்.