குதிரைப் பயிற்சியாளர் உரிமம்: என்னை அலையவிட்ட அனுபவச் சான்று

போன வாரம்தான் உரிமம் கைக்கு வந்தது. சந்தோஷம்தான், ஆனால் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிறவர்களுக்காக, நான் மாட்டிக்கொண்ட இடத்தை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

லாயத்தில் சாணம் அள்ளியது, குளம்பு சுத்தம் செய்தது, இளங்குதிரைகளை நீளக் கயிற்றில் வட்டமாக ஓட்டிப் பழக்கியது எல்லாம் எல்லோருக்கும் நடக்கிற மாதிரிதான். விண்ணப்பம், மருத்துவச் சான்று, காப்பீடு எதிலும் தொல்லை இல்லை. சிக்கல் அனுபவச் சான்றில் வந்தது.

நான் அதிக காலம் இருந்த லாயத்தின் உரிமையாளர், ‘இவர் இங்கே வேலை செய்தார்’ என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்தார். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, என்ன வேலை என்று எதுவும் இல்லையே என்று அலுவலகத்தில் திருப்பிவிட்டார்கள். அதையாவது ஒப்புக்கொள்ளலாம். திரும்பப் போய்க் கேட்டால், “கூலிக்கு வந்தவன் நீ, பயிற்சி கொடுத்தாய் என்று எப்படி எழுதித் தர?” என்றார் உரிமையாளர். அவருடைய குதிரைகள் முதன்முதலாக முதுகில் ஆளை ஏற்றிக்கொண்டதே என் கையில்தான்! அந்தப் பேச்சு இன்னும் உறுத்துகிறது.

என்னைக் காப்பாற்றியது என் குறிப்பேடு. எந்தக் குதிரை, அன்று என்ன பழக்கினேன், ஓட்டத்துக்குப் பிறகு நாடித்துடிப்பு எவ்வளவு நேரத்தில் இறங்கியது என்று தினமும் எழுதிவைத்திருந்தேன். (ஓய்வில் நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும்.) லாயத்துக்கு வந்துபோன கால்நடை மருத்துவரும் லாடம் அடிப்பவரும் அதைப் பார்த்து ஆளுக்கொரு கடிதம் கொடுத்தார்கள். கவுன்டரில் இருந்தவர் அதையும் வாங்க மறுத்தார். மேலதிகாரி வரும்வரை காத்திருந்து காட்டினேன்; அவர் ஏற்றுக்கொண்டார். நீங்கள் சேர்ந்த நாளிலிருந்தே எழுதுங்கள். மாதம் ஒருமுறை யாரிடமாவது கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். வேலையை விட்டு வந்தபின் ஒருவரும் முகம்கொடுத்துப் பேசமாட்டார்கள்.

செய்முறைத் தேர்வில் முன்பின் தெரியாத குதிரையைக் கொடுத்து, சேணம் போட்டு ஓட்டிக்காட்டச் சொன்னார்கள். வயிற்றுவாரை எடுத்ததுமே காதைப் பின்னுக்கு மடித்து, தலையைத் திருப்பிக் கடிக்க வந்தது. முரட்டுக் குதிரை என்றார் பிடித்திருந்தவர். முன்னங்காலுக்குப் பின்னால் கையை வைத்துத் தடவினேன். வார் உரசும் இடத்தில் முடி உதிர்ந்து, தோல் கன்றிச் சிவந்திருந்தது. சேணம் போடமாட்டேன் என்று தேர்வாளரிடமே சொல்லிவிட்டேன். தலைக்கயிற்றை மட்டும் வைத்துக்கொண்டு பழக்கிக் காட்டினேன். பின்வாங்கச் சொல்லிக் கயிற்றில் லேசாக அழுத்தம் கொடுத்தேன். குதிரை ஒரு காலைப் பின்னால் எடுத்துவைத்த அந்த நொடியே கயிற்றைத் தளர்த்தினேன். குதிரை கற்பது அந்தத் தளர்வில்தான். பிந்தினால் எதற்காகத் தளர்த்தினோம் என்று அதற்குப் புரியாது. சற்று நேரத்தில் விரல் அசைவுக்கே பின்வாங்கியது. தேர்வாளர் வந்து புண்ணைப் பார்த்துவிட்டு அந்தக் குதிரையை அன்றைய தேர்விலிருந்தே விலக்கினார். இத்தனை அலைச்சலில் என் மனம் குளிர்ந்தது அப்போதுதான்.

நேர்காணலில் இளங்குதிரையின் எலும்பைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார்கள். முதுகெலும்பின் வளர்ச்சி முற்றுப்பெற ஐந்தாறு வயதாகும் என்பதைக் காரணத்தோடு சொல்லத் தெரிய வேண்டும்.

புதிதாக உரிமம் வாங்கியவரிடம் வருவது பெரும்பாலும் மற்றவர்கள் கைவிட்ட குதிரைகள். உதைக்கிறது, ஏறவிடமாட்டேன் என்கிறது என்று கொண்டுவருவார்கள். பல்லையும் முதுகையும் குளம்பையும் மருத்துவர் பார்க்காமல் பயிற்சியைத் தொடங்காதீர்கள். அந்தச் செலவு யாருடையது என்பதைக் குதிரையை இறக்குவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.