சோலி இல்லாத பயணங்கள்

எங்கள் பக்கத்தில் ஓரிடத்துக்குப் போவதென்றால் ஒரு காரணம் வேண்டும். பழனிக்குப் பாதயாத்திரை போவோம், பண்ணாரி குண்டத்துக்குப் போவோம், பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு வேன் பிடித்து தாராபுரம் தாண்டியும் போவோம். துணி ஆர்டர் கொடுக்கிற பையர் கூப்பிட்டால் டெல்லிக்கும் ஓடுவோம். சும்மா பார்த்துவிட்டு வருவதற்காகக் கிளம்புவதை மட்டும் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வெளிநாட்டு வேலைக்குப் போனவன் என்றால் கணக்கு இன்னும் கறார். போனோமா, சம்பாதித்தோமா, அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு சைட் வாங்கிப் போட்டோமா என்று இருக்க வேண்டும்.

வியட்நாமில் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வீடியோ கால் போடும்போது, பின்னால் மலையோ கடலோ தெரியாதபடி சுவரோரமாக நின்றுகொள்வேன். தெரிந்துவிட்டால் உடனே கேட்பார்: “ஏங் கண்ணு, அங்க உனக்கு என்ன சோலி?”

சோலி ஒன்றும் கிடையாதுதான். ஆனால் தொழிற்சாலைக்குள் நின்று எனக்குப் பிடிபடாத சில சங்கதிகள் அந்தச் சோலி இல்லாத பயணங்களில்தான் பிடிபட்டன.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங், க்யூ.சி. என்று தரம் பார்க்கிற வேலையில் படிப்படியாக வந்து, பிறகு சைகோனில் ஒரு பையிங் ஆபீசில், அதாவது பையருக்காகத் தொழிற்சாலைகளில் ஆர்டர் வைத்துச் சரக்கைச் சரிபார்க்கிற ஆபீசில், வேலைக்குச் சேர்ந்தேன். அரசாங்கக் காகிதத்தில் ஹோ சி மின் நகரம். பேச்சில் எல்லோருக்கும் இன்னும் சைகோன். தொழிற்சாலைகள் நகரத்துக்கு வடக்கே பின் டுவாங் பக்கத்துப் பேட்டைகளில். வாரத்துக்கு 6 நாள், 48 மணி நேரம், நம் ஊர் மாதிரியேதான். டி-சர்ட்டும் அதே டி-சர்ட்தான். ஐயாயிரம் பீஸ் லாட் என்றால் 200 பீஸை உருவிப் பார்க்க வேண்டும். ஏ.க்யூ.எல். 2.5 என்கிற தரக் கணக்கில் 10 டிஃபெக்ட் வரை பாஸ், 11-வது கண்ணில் பட்டால் லாட்டே ஃபெயில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த 11-வது அகப்பட்டால் சனியோடு ஞாயிறும் ரீ-செக்கிங்கில் போய்விடும். நான் போட்டு வைத்திருந்த பஸ் டிக்கெட்டுகள் பலவற்றை ஒரு ஊசி ஓட்டையோ எண்ணெய்க் கறையோ காலி பண்ணியிருக்கிறது.

ஆரம்பத்தில் ஓய்வு என்றால் நம் ஆட்கள் சேர்ந்து சமைப்பது, கிரிக்கெட் பார்ப்பது, மாரியம்மன் கோவில். பென் தான் மார்க்கெட் பக்கம் இருக்கிற கோவில் அது; 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிழைக்கப் போன தமிழர்கள் கட்டியது. இன்றைக்குக் கூட்டம் பெரும்பாலும் வியட்நாம்காரர்களும் சீனர்களும்தான். கட்டுக்கட்டாக ஊதுபத்தி கொளுத்தி, கருவறையைச் சுற்றிப் போய்க் கல்சுவரில் முகத்தை வைத்து வேண்டுதலை முணுமுணுப்பார்கள். நம் ஊரில் அப்படிச் சுவரோடு பேசி நான் பார்த்ததில்லை. டோன் தட் தியெப் தெருவில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோவிலும் இருக்கிறது. போகலாம், போகத்தான் வேண்டும். ஆனால் சில பேர் வருஷக்கணக்கில் ரூம், ஆபீஸ், கோவில் என்று இந்த மூன்றையே சுற்றிவிட்டு, ஊருக்கு வந்து “வியட்நாம்ல பாக்க ஒண்ணும் இல்லீங்க” என்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

சாப்பாடுதான் பெரும்பாலோரைக் கட்டிப்போடுகிறது. கடைக்காரரிடம் ‘சாய்’ என்று சொன்னால் சைவம். புத்த வழக்கத்தில் அமாவாசையை ஒட்டி வரும் சந்திர மாத முதல் நாளிலும் பௌர்ணமியன்றும் நிறையப் பேர் கறி, மீன் தொடமாட்டார்கள். அந்த நாட்களில் சைவக் கடைகளில் இடம் கிடைக்காது. அமாவாசைக்குக் கவிச்சி ஆகாது என்று வளர்ந்த எனக்கு அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் சந்தோஷம். மற்ற நாளில் சோறும் வதக்கிய கீரையும் முட்டையும் எந்தச் சந்திலும் கிடைக்கும். நம் ஊர் அரிசியும்பருப்புச் சாதம் கிடைக்காது, அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் தனியாகப் போனது தாலாத்துக்கு. சைகோனிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர், ராத்திரி பஸ். ஏறும்போதே செருப்பைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். உள்ளே அடுக்கடுக்காகப் படுக்கை. விடிகாலையில் இறங்கினால் குளிரும் பைன் மரமும். 1,500 மீட்டர் உயரத்தில் பிரெஞ்சுக்காரர்கள் கோடைக்கு உண்டாக்கிய ஊர். ஏரி, பூ, ஸ்ட்ராபெரி, ரோட்டோரம் சுட்ட சோளம். நம் ஆட்கள் பார்த்தால் “இதுக்கா இவ்வளவு தூரம்? நம்ம ஊட்டிதான!” என்று திரும்பிவிடுவார்கள்.

என்னை நிறுத்தியது ரயில்வே ஸ்டேஷன். 1938-இல் கட்டிய, மூன்று கூம்புக் கூரை வைத்த அழகான கட்டடம். நான் காரமடைக்காரன். மேட்டுப்பாளையம் ஊட்டி ரயிலைப் பார்த்தே வளர்ந்தவன். கல்லாறு தாண்டினால் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். நடுவில் பல் வைத்த தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு வண்டி ஏறும். தாலாத்துக்கும் கடலோரச் சமவெளியிலிருந்து அதே மாதிரி பல் தண்டவாளம் வைத்து ஏறும் பாதை இருந்திருக்கிறது, மொத்தம் 84 கிலோமீட்டர். நம் எஞ்சின்கள் வந்த அதே சுவிஸ் கம்பெனி, விண்டர்தூரில் இருந்தது, அதற்கும் எஞ்சின் செய்து கொடுத்திருக்கிறது. சண்டைக் காலத்தில் ஓட்டம் நின்றது. 1975-க்குப் பிறகு தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். துருப்பிடித்துக் கிடந்த எஞ்சின்களை 1990-இல் சுவிட்சர்லாந்திலிருந்து ஆட்கள் வந்து வாங்கிப் போய்ச் சரிபண்ணி, அங்கே ஒரு மலைப்பாதையில் ஓட்டுகிறார்கள். தாலாத்தில் இன்றைக்கு 7 கிலோமீட்டருக்கு ஒரு சுற்றுலா வண்டி மட்டும் ஓடுகிறது, பல் இல்லாத சமதளத்தில்.

அந்தப் பிளாட்பாரத்தில் நின்றபோதுதான் ஊட்டி ரயில் இன்னும் ஓடுவது எவ்வளவு பெரிய சங்கதி என்று உறைத்தது. 1899-இல் குன்னூர் வரை, 1908-இல் ஊட்டி வரை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் மண் சரிகிறது, வண்டியை நிறுத்துகிறார்கள், அள்ளிப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டுகிறார்கள். ஊரில் இருந்த வரைக்கும் அந்த நிறுத்தத்தைத்தான் குறையாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

மீ சோன் போனதைப் பற்றி நீட்ட வேண்டாம். அந்தக் காலத்துச் சாம்பா நாட்டு ராஜாக்கள் சிவனுக்குக் கட்டிய செங்கல் கோவில்கள். 1969-இல் அமெரிக்கக் குண்டில் பெரிய கோபுரமே போய்விட்டது. நம் தொல்லியல் துறையினர் அங்கே சீரமைப்பு வேலை செய்தபோது, 2020-இல் ஒரே கல்லில் செய்த 9-ஆம் நூற்றாண்டு லிங்கம் கிடைத்தது. படம் அனுப்பியதும் அம்மா சோலி பற்றிக் கேட்கவே இல்லை. கோவில் என்றால் காரணம் வந்துவிடுகிறது அல்லவா.

ஆனால் நான் சொல்ல வந்தது தெத் பற்றி. அவர்களுடைய சந்திர வருஷப் பிறப்பு, ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் வரும். நாடே ஒரு வாரம் பூட்டிக் கிடக்கும். அதற்கு முன்னால் 13-ஆம் மாதச் சம்பளம் என்று போனஸ் கொடுப்பார்கள். இங்கே சட்டப்படி குறைந்தபட்ச தீபாவளி போனஸ் 8.33 சதவீதம், அதாவது வருஷச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. இரண்டும் ஒரே கணக்கு. அதை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் திரும்பி வருவார்களா என்று மேனேஜர்கள் கையைப் பிசைவதும் ஒரே மாதிரி. தெத் முடிந்ததும் நானும் வருஷா வருஷம் தொழிற்சாலைகளுக்கு மெயில் போடுவேன்: ஏன் ஆள் குறைவு, எத்தனை லைன் ஓடுகிறது, எப்போது சரியாகும் என்று. “அடுத்த வாரம்” என்று பதில் வரும்.

ஒரு தெத்துக்கு, லைன் சூப்பர்வைசர் அக்கா ஒருவர் தன் ஊருக்கு வரச் சொன்னார். மேகோங் டெல்டாவில் பென் சே. அவருடைய தம்பியின் ஹோண்டா வேவ் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். ரோடு முழுக்க டூவீலர். நடுவில் குழந்தையை இடுக்கிக்கொண்டு அப்பா, அம்மா. பின்னால் பிஸ்கட் டப்பா, பீர் பெட்டி, மஞ்சள் பூ பூத்த தொட்டிச்செடி. ராக் மியெவ் பாலத்துக்கு முன்னால் வண்டிகள் எறும்பு மாதிரி நகர்ந்தன. வருஷம் முழுக்க இந்த ஆட்கள் தைத்த பீஸைத்தான் பார்த்திருந்தேன். வீட்டுக்கு என்ன வாங்கிப் போகிறார்கள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பென் சே தென்னைக்குப் பேர்போன ஊர். பொள்ளாச்சிக்காரர்கள் பார்க்க வேண்டிய இடம். தோப்புக்கு நடுவே வாய்க்கால் வாய்க்காலாக வெட்டி, அந்த மண்ணை மேடாகப் போட்டு மரம் வைத்திருக்கிறார்கள். பறித்த காயைத் தண்ணீரில் தள்ளிவிட்டுப் படகால் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். தேங்காய்ப்பாலைக் காய்ச்சி மிட்டாய் செய்து, மெல்லிய அரிசித் தாளில் சுற்றுகிறார்கள். தாளோடு சேர்த்துத் தின்ன வேண்டும். நான் முதல் மிட்டாயைத் தாளை உரிக்கிறேன் என்று ரொம்ப நேரம் நோண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து வீடே சிரித்தது.

பண்டிகைக்குப் பன்றிக்கறியை இளநீரில் வேகவைத்து முட்டை போடுவார்கள். நான் தொடமாட்டேன் என்று எனக்குத் தனியாக இளநீரில் முட்டையை மட்டும் வேகவைத்துக் கொடுத்தார்கள். சாப்பிட்ட பிறகு அந்த அக்காவின் அப்பா போனில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு பேசினார். கோடையில் கடல் தண்ணீர் ஆற்றில் ஏறி உப்பாகிவிடுகிறது, 2020-இல் நல்ல தண்ணீரை விலைக்கு வாங்கினோம் என்றார். எங்கள் பக்கம் ஆயிரம் அடி போர் போட்டும் புகைதான் வருகிறது என்றேன். மொழிபெயர்ப்பு தப்பாக வந்துவிட்டது என்று நினைத்து மறுபடி பேசச் சொன்னார்.

அப்புறம் அடுப்படியில் ஒரு பஞ்சாயத்து. அக்காவின் தங்கையும் எங்கள் தொழிற்சாலையில்தான் ஓவர்லாக் ஆபரேட்டர். அவள் திரும்ப வரப்போவதில்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே கார்மென்ட் கம்பெனி வந்துவிட்டது. சம்பளம் கொஞ்சம் குறைவு, ஆனால் சாயங்காலம் குழந்தையைப் பார்க்கலாம், சைகோன் ரூம் வாடகை மிச்சம். நான் மெயிலில் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் என் முன்னாலேயே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு தெத்துக்கு அடுத்த மாத ஆர்டரை அந்த லைன்களில் நான் வைக்கவே இல்லை.

இப்போது திருப்பூரில் ஒரு யூனிட்டில் இருக்கிறேன். தீபாவளிக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் தேனி, மதுரை பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தையும், ஸ்டேஷனில் ஒடிசாவுக்கும் பீகாருக்கும் போக மூட்டையோடு உட்கார்ந்திருப்பவர்களையும் நின்று பார்க்கத் தோன்றுகிறது. தென்மாவட்டங்களில் தையல் யூனிட் வந்துவிட்டதால் அங்கேயே தங்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

வியட்நாமில் நிறைய கம்பெனிகள் வருஷத்துக்கு ஒரு தடவை தொழிலாளர்களை பஸ் பிடித்துக் கடற்கரைக்குக் கூட்டிப் போகும். தையல் லைன், கட்டிங், பேக்கிங் எல்லாம் ஒரே கலர் டி-சர்ட்டில் விளையாடிக்கொண்டிருக்கும். அதே மாதிரி நம் ஆட்களை ஒரு நாள் ஊட்டிக்குக் கூட்டிப் போகலாம், முடிந்தவர்கள் மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறட்டும் என்று எங்கள் முதலாளியிடம் கேட்டேன். கால்குலேட்டரை எடுத்து ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் போகும் என்று தட்டிப் பார்த்தார்.

“செஞ்சரலாங்க தம்பி. டிசம்பர் வரட்டும்” என்றார்.

டிசம்பரில்தான் சம்மர் ஆர்டர் முழு மூச்சாக ஓடும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.