‘வேண்டும்’ என்னும் வினை

மயிலாப்பூர் மாடவீதிப் பூக்கடையில் ‘எனக்கு ரெண்டு முழம் வேணும்’ என்று கேட்கிறவரே, அடுத்த மூச்சில் ‘நான் சீக்கிரம் போகணும்’ என்று அவசரப்படுத்துகிறார். பெயரோடு வரும்போது ‘வேண்டும்’ ‘எனக்கு’ என்பதில் உள்ள ‘கு’ உருபை, அதாவது நான்காம் வேற்றுமையை, நாடுகிறது. ‘போக’ போன்ற செயவென் எச்சத்தோடு சேரும்போது எழுவாய் ‘நான்’ என்றே நிற்க, பேச்சில் வினை ‘ணும்’ என்று தேய்ந்து ஒட்டிக்கொள்கிறது. ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டு வினைமுற்று, அதாவது ‘வரும்’, ‘ஓடும்’ போல ‘உம்’ என முடியும் வினைமுற்று, தன்மைக்கும் முன்னிலைக்கும் பலர்பால் படர்க்கைக்கும் வாராது என்பது நன்னூல் விதி. ‘வேண்டும்’ என்பதோ நான், நீ, அவர்கள் என எல்லோருக்கும் மாறாமல் வருகிறது. (அவர்கள் ‘வேண்டுவார்கள்’ என்றால் அது பிரார்த்தனையாகிவிடும்!)

எதிர்மறையில்தான் கூடுதல் கவனம் தேவை. ‘நீங்கள் வர வேண்டாம்’ என்பது தடுப்பது. ‘நீங்கள் வர வேண்டியதில்லை’ என்பதோ கட்டாயமில்லை, வந்தாலும் குற்றமில்லை என்று விட்டுவிடுவது. சுற்றறிக்கை எழுதுவோர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவது எனக்கு எரிச்சலூட்டுகிறது.

‘வேண்டுதல்’ என்றால் இன்று கோயில் நேர்த்திக்கடன்தான் நினைவுக்கு வருகிறது. ‘வேண்டுதல் வேண்டாமை இலான்’ என்னும் குறளில் அது விருப்பைக் குறிக்கிறது. அந்தப் பழைய விருப்பம், ‘அவர் நமக்கு வேண்டியவர், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்’ என்னும் சிபாரிசில் இன்னும் புழங்குகிறது.