அம்மாவின் உரப்பை

ஒக்டோபர் 6, 2024. வட்டக்கச்சி, கிளிநொச்சி

அம்மாவுக்கு டிமென்சியா, மறதிநோய் என்று டொக்டர் சொல்லி மூன்று மாதம். ஊரில் இதற்கு ஒரு சொல்தான்: 'அறளை பேந்திட்டுது.' அதைச் சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள். விடிந்தால் நான் என்ன செய்வது?

கனடாவிலிருந்து தம்பி உலக சுகாதார நிறுவனத்தின் 'ஐசப்போர்ட்' பாடங்களை அனுப்பியிருக்கிறான். வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கென்றே எழுதியது. 5 பகுதி, 23 பாடம், காசில்லை. மழை இருட்டினால் இங்கே சிக்னல் போய்விடும். நல்லகாலம், 2019இல் அதைக் கைநூலாகவும் வெளியிட்டிருக்கிறார்கள். கடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரின்ற் எடுக்கிறேன். ஆங்கிலம்தான், அகராதியோடு இரவுக்கு ஒரு பாடம்.

ஒக்டோபர் 9

ஒழுங்காக முதலிலிருந்து படிக்கப் பொறுமையில்லை. நடத்தை மாற்றங்கள் பற்றிய ஐந்தாம் பகுதிக்கே போய்விட்டேன்.

பொழுதுபட்டால் அம்மா உரப்பையை எடுப்பா. இரண்டு சேலை, அடையாள அட்டை, ஒரு சுண்டு அரிசி. "வெளிக்கிடு பிள்ளை, தருமபுரத்துக்குப் போயிடுவம்." நான் மூன்று மாதமாக, "சண்டை முடிஞ்சு பதினைஞ்சு வருசமம்மா" என்று கத்தியிருக்கிறேன். வாதாடாதே, பயத்தைக் கவனி என்கிறது பாடம். வாசித்தபோது நெஞ்சு அடைத்தது. காலையில் குடித்த தேத்தண்ணி அவவுக்கு நினைவில்லை. சண்டைக்குள் இடம்பெயர்ந்த 2008 மார்கழி அப்படியே இருக்கிறது. இந்த நோயில் புதிய நினைவுகள்தான் முதலில் போகும். நான் சொன்ன உண்மை அவவுக்குப் பொய்யாகத்தான் கேட்டிருக்கும்.

ஒக்டோபர் 14

இரண்டே நாளில் அம்மா தலைகீழ். என்னைத் தெரியவில்லை, பகல் முழுக்கத் தூக்கம், இரவில் சுவரோடு கதை. "முத்திட்டுது, இனி ஒண்டும் செய்யேலாது" என்றா பக்கத்து வீட்டு மாமி. டிமென்சியா மெல்ல மெல்லத்தான் கூடும். திடீரென்று குழம்பினால் வேறு வருத்தம் இருக்கும், உடனே காட்டவேண்டும். ஓட்டோ பிடித்துக் கொண்டுபோனேன். சலத்தில், சிறுநீரில் கிருமி. இந்த வெயிலில் அவ தண்ணி கேட்கவே மறந்திருக்கிறா. நானும் கொடுக்கவில்லை. இனி மணிக்கொருதரம் அரை டம்ளர்.

ஒக்டோபர் 19

மருந்து வேலை செய்கிறது, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டா.

பின்னேரம் இரணைமடுப் பக்கம் இடி. "ஷெல் வருது, பங்கருக்குள்ள இறங்கு!" கட்டிலுக்குக் கீழே என்னையும் இழுத்தா. இடிச்சத்தம் ஷெல்லாகக் கேட்கும் ஒரு தாயைப் பற்றி அந்தக் கைநூலில் வரியில்லை. ஆனால் பயத்தைக் கவனி என்று இருந்ததே. இறங்கினேன். கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம். மழை விட்டதும் உரப்பையை நான் தூக்கினேன், அவ என் தோளைப் பிடித்தா. கிணற்றைச் சுற்றி, மாமரத்தடியால் வந்து முன்விறாந்தையில் இருத்தினேன்.

"வந்திட்டம் அம்மா."

சுற்றிப் பார்த்தா. "நல்ல இடம். தண்ணி கிடக்கே?"

முழு டம்ளரும் குடித்தா.

பராமரிப்பவர் தன்னைக் கவனிக்கும் மூன்றாம் பகுதியை நான் இன்னும் தொடவில்லை. நாளைக்கு அக்கா வந்து மூன்று மணித்தியாலம் நிற்பா. முதலில் நித்திரை கொள்ளவேணும்.