ஊதா மூடி

லேபில் சேர்ந்த இரண்டாவது வருடம். காலை பதினொரு மணிக்கு ஒரு டாக்டர் போன் செய்தார். "பொட்டாசியம் 8.9னு ரிப்போர்ட் அனுப்பியிருக்கீங்க. ஆள் என் எதிர்ல உட்கார்ந்து மகளுக்கு வரன் பார்த்த கதையைச் சொல்லிக்கிட்டிருக்கார். ஈசிஜி எடுத்தாச்சு, நார்மல். என்ன தம்பி இது?"

பொட்டாசியம் 3.5-லிருந்து 5 வரை இருக்கலாம். 6.5-ஐத் தாண்டினாலே இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். (இப்போதென்றால் இப்படி ஒரு எண்ணை அனுப்பும் முன் நாங்களே டாக்டரைக் கூப்பிடுவோம். அன்றைக்கு அந்தப் பழக்கம் எங்களுக்கு இல்லை.) நான் முதலில் மெஷினைச் சந்தேகப்பட்டேன். அளவு முன்பே தெரிந்த கண்ட்ரோல் சாம்பிளை ஓட்டினேன், சரியாக வந்தது. அதே சீரத்தை (உறைந்த ரத்தத்தை சென்ட்ரிஃப்யூஜ் மெஷினில் வேகமாகச் சுற்றிப் பிரித்தெடுக்கும் தெளிந்த நீர்) மறுபடி ஓட்டினேன், 8.8. சரி, "ரிப்பீட்டும் அதேதான் சார்" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கலாம் என்று போனை எடுத்தேன்.

சீனியர் அக்கா ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். பொட்டாசியத்தை விட்டுவிட்டு நாலு வரி கீழே விரல் வைத்தார். கால்சியம் 4.1. இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. "இது நிஜம்னா அவருக்குக் கை காலெல்லாம் இழுத்துக்கிட்டிருக்கும். ஊதா மூடியிலேர்ந்து ஊத்தியிருக்காங்கப்பா" என்றார்.

ரத்த அணுக்களை எண்ண எடுக்கும் ஊதா மூடி ட்யூபில் ஈடிடிஏ இருக்கும். அது பொட்டாசிய உப்பு. கால்சியத்தைக் கவ்விக்கொண்டு ரத்தத்தை உறையவிடாமல் வைத்திருப்பதுதான் அதன் வேலை. சீரத்துக்காக எடுக்கும் சிவப்பு மூடி ட்யூபில் ரத்தம் போதவில்லை என்று யாரோ ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். பொட்டாசியம் ஏறிவிட்டது, கால்சியம் இறங்கிவிட்டது. புதிதாக ரத்தம் எடுத்துப் பார்த்ததில் 4.3.

அப்புறம் பல வருடம் நான் இதை வைத்தே பெயர் வாங்கினேன். புதிதாக வருகிற பிள்ளைகளிடமெல்லாம் "பொட்டாசியம் ஏறினா கால்சியத்தைப் பார்" என்பேன். இரண்டு மூன்று முறை அப்படியே பிடித்தும் கொடுத்தேன்.

பக்கத்து ஊரில் எங்களுக்கு ஒரு கலெக்‌ஷன் சென்டர் உண்டு. ஒரு மழைக்காலத்தில் அங்கிருந்து வந்த சாம்பிள்களில் 6.1, 5.8, 6.3 என்று வரத் தொடங்கியது. பார்த்த மாத்திரத்தில் அங்கே ரத்தம் எடுக்கும் பெண்ணுக்குப் போன் போட்டேன். "ஊதா ட்யூப்லேர்ந்து ஊத்துறியாம்மா?" "இல்லண்ணா, சத்தியமா இல்ல." நான் நம்பவில்லை. சிவப்பை முதலில் எடு, ஊதாவைக் கடைசியில் எடு என்று பாடம் நடத்திவிட்டு வைத்தேன். அடுத்த வாரமும் 6.2 வந்தது. இன்னும் கொஞ்சம் கடுமையாகப் பேசினேன். இதற்குள் ஒரு நோயாளியின் பிரஷர் மாத்திரையை, பொட்டாசியம் ஏறியிருக்கிறது என்று, அவருடைய டாக்டர் நிறுத்தியே விட்டார்.

ஒரு நைட் டியூட்டியில் அந்த ரிப்போர்ட்டுகளை எடுத்து மேசையில் பரப்பினேன். கால்சியம் 9.4, 9.1, 9.6. ஊர் முழுக்க நான் சொல்லிக்கொண்டு திரிந்த அந்த வரியை நானே பார்க்கவில்லை. ஊதா மூடிதான் காரணம் என்றால் கால்சியம் இறங்கியிருக்க வேண்டுமே? அணுக்கள் உடைந்து உள்ளேயிருந்த பொட்டாசியம் வெளியே வந்திருந்தால் சீரம் சிவந்திருக்கும். அதுவும் இல்லை, தெளிந்த மஞ்சள்.

அதே சென்டரிலிருந்து ஒழுங்காக வந்த சாம்பிள்களும் இருந்தன. அவற்றின் படிவங்களையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். எடுத்தவர் ஒருவர்தான், ட்யூபும் ஒன்றுதான். நேரம் மட்டும் வேறு. ஏறியவை எல்லாமே சாயங்காலம் ஐந்துக்கு மேல் எடுத்தவை.

காலையில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, இந்த முறை குற்றம் சாட்டாமல், "சாயங்காலம் எடுத்த ரத்தத்தை என்னம்மா பண்றே?" என்று மட்டும் கேட்டேன்.

"சென்ட்ரிஃப்யூஜ் ரிப்பேராகி ஒரு மாசமாச்சுண்ணா, ஆபீஸ்ல சொல்லியிருக்கேன். கெட்டுப்போயிடக் கூடாதுன்னு ட்யூபை அப்படியே ஃப்ரிட்ஜ்ல வெச்சு முதல் பஸ்ல குடுத்து விடுறேன்."

சிவப்பணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே இருப்பதைப் போல 20 மடங்குக்கு மேல். அதை உள்ளேயே பிடித்து வைத்திருக்க அணுவின் சவ்வில் ஒரு பம்ப் ஓயாமல் ஓடுகிறது. குளிரில் பம்ப் படுத்துவிடும், பொட்டாசியம் மெல்லக் கசியும். அணு உடைவதில்லை, அதனால் நிறம் மாறாது. சீரத்தைப் பிரித்த பிறகு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒன்றும் ஆகாது. பிரிக்காமல் வைத்தால்தான் வம்பு.

எனக்கே நம்பிக்கை வர வேண்டும் என்று என் கையிலிருந்து இரண்டு ட்யூப் எடுத்தேன். ஒன்றை அரை மணியில் சுற்றிப் பிரித்தேன், 4.2. மற்றதை ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்துக் காலையில் ஓட்டினேன், 5.9.

மறுநாள் பஸ் ஏறி அந்த சென்டருக்கே போனேன். மன்னிப்புக் கேட்டதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நான் அங்க இருக்கிறதைத்தாண்ணா செஞ்சேன்" என்று சுவரைக் காட்டினாள். 'எடுத்த சாம்பிள்களை உடனே குளிர்ச்சியில் வைக்கவும்' என்று ஒரு காகிதம், மூலையெல்லாம் மஞ்சளாகி. கையெழுத்து என்னுடையது. சென்டர் திறந்த வருடம் நான்தான் ஒட்டினேன். அவளிடமே பேனா வாங்கி, 'உடனே' என்பதை அடித்துவிட்டு 'சீரம் பிரித்த பிறகு' என்று எழுதினேன்.