ஏர்சைட் டிரைவிங் பெர்மிட்: என்னை ஃபெயிலாக்கின ஒரே சொல்

நேத்து பின்னேரம் ரிசல்ட் வந்துச்சு, பாஸ். விமான நிலையத்துக்குள்ள வண்டியில ரேடியோவோட ரன்வே, டாக்சிவே (விமானம் ரன்வேக்குப் போற, வர்ற பாதை) பக்கம் போற பெர்மிட். ஏப்ரன், அதாவது விமானம் நிப்பாட்டுற எடத்துக்கான பெர்மிட் முதல்லயே இருந்துச்சு, அதப்பத்தி எழுத ஒண்ணுமில்ல. இது ரெண்டாவது தடவ. ஹட்டன், மஸ்கெலியா பக்கத்துல இருந்து இந்த வேலைக்கு வந்த தம்பிமார் ரெண்டு மூணு பேர் எப்படி படிக்கிறதுன்னு கேட்டாங்க, சூடு ஆறுறதுக்கு முதல்ல எழுதிடுறேன்.

முதல் தடவ ஃபெயிலானது எழுத்துலயும் இல்ல, ஓட்டத்துலயும் இல்ல. பரீட்சகர் கன்ட்ரோல் டவர் மாதிரி ரேடியோவுல "ஹோல்ட் ஷோர்ட் ஒஃப் ரன்வே சீரோ ஃபோர்"னு சொன்னார், அதாவது 04 ரன்வேக்கு வெளிய நில்லுன்னு, நான் ரன்வேக்கு முன்னால இருக்கிற கோட்டுக்கு இந்தப் பக்கமே அழகா நிப்பாட்டிட்டு "ரொஜர்"னு சொன்னேன். அந்த எடத்துலயே முடிஞ்சிருச்சு. நின்ன எடம் சரி, ஆனா ரொஜர்னா நீங்க பேசினது கேட்டுச்சுங்கிறது மட்டும்தான், என்ன கேட்டுச்சுன்னு அதுல இல்லையே. ரன்வேக்குள்ள போ, குறுக்கால கட, வெளிய நில்லு, இந்த மூணுல எது வந்தாலும் ரன்வே நம்பரையும் நம்ம வண்டிக்கு ரேடியோவுல இருக்கிற பேரையும் (கோல் சைன்) சேர்த்து திருப்பிச் சொல்லியே ஆகணும்.

ரெண்டு நாள் சாப்பாடே எறங்கல. அம்மாகிட்ட போன்ல சொன்னேன், அவங்க இன்னமும் கொழுந்து எடுக்கிறவங்க. "ஏன்டா, நிறுக்கிற எடத்துல கணக்கப்புள்ள பதினெட்டுன்னா நானும் பதினெட்டுன்னு சொல்லிட்டுத்தானே சாக்க எடுப்பேன், சும்மா உம்னு தலையாட்டிட்டு வந்தா பொஸ்தகத்துல பதினாறு விழுந்துரும்"னாங்க. மூணு நாள் கிளாஸ்ல ஏறாதது அந்த ஒரு பேச்சுல ஏறிருச்சு. அதுக்குப் பொறகு லீவுக்கு வர்றப்ப எல்லாம் தங்கச்சிய டவராக்கி வாசிக்கச் சொல்லி நான் திருப்பிச் சொன்னேன், பஸ்ல ஹட்டன்ல இருந்து அவிசாவளை வரைக்கும் வாய்க்குள்ளேயே சொல்லிக்கிட்டு வந்தேன், பக்கத்துல இருந்தவர் ஒரு மாதிரியா பார்த்தார், பரவாயில்ல. மனசுக்குள்ள படிச்சா இது வராது, சத்தமா சொல்லணும்.

இது மார்க்ஸ் விசயம் மட்டும் இல்ல. 2022 நவம்பர்ல பெரு நாட்டு லிமா விமான நிலையத்துல பயிற்சிக்குப் போன தீயணைப்பு வண்டி ரன்வேக்குள்ள வந்துருச்சு, டேக் ஒஃப்க்கு ஓடிக்கிட்டிருந்த விமானம் அதுல மோதி தீயணைப்பு வீரர்கள் செத்துப்போனாங்க. அவங்களும் நம்ம மாதிரி வண்டி ஓட்டினவங்கதான்.

மலையில ஓட்டிப் பழகினவங்களுக்குத் தனியா சொல்லணும். முடக்குல ஹோர்ன் அடிச்சே பழகிட்டோம், அங்க என்ஜின் சத்தத்துக்குள்ள காதடைப்பான் போட்டவனுக்கு ஹோர்ன் கேக்காது, நின்னு பாக்குறதுதான் வழி. ரோட்டுல மேல ஏறுற வண்டிக்கு எடம் விடுவோம், இங்க விமானத்துக்கு எப்பவும் எடம், இழுத்துக்கிட்டுப் போற விமானமா இருந்தாலும் சரி. மிஸ்ட்டுல கண்ணாடிய எறக்கிட்டு வெள்ளக் கோட்டப் பாத்துக்கிட்டே ஊர்ந்து போவோமே, அத இங்க செய்யவே கூடாது. டாக்சிவேல கோடு மஞ்ச, ரன்வேல வெள்ள, ஆனா ஏப்ரன்ல வண்டி போற ரோட்டுக்கும் வெள்ளதான், அதனால வெள்ளக் கோட்ட நம்பிக்கிட்டுப் போனா எங்க போய் நிப்பீங்கன்னே தெரியாது. 2001 ஒக்டோபர் 8, மிலான் லினாத்தே விமான நிலையம், இதே மாதிரி பனிமூட்டம், சின்ன விமானம் ஒண்ணு வழி மாறி ரன்வேக்குள்ள போய் 118 பேர் செத்தாங்க. மிஸ்ட்டு நமக்குப் பழக்கம்னு தைரியம் வேணாம். எங்க நிக்கிறோம்னு சந்தேகம் வந்தா வெக்கப்படாம டவர்கிட்ட சொல்லிடுங்க. ரன்வேல நிக்கிற மாதிரி இருந்தா முதல்ல வெளிய வாங்க.

நான் பேப்பர்ல எழுதி செவுத்துல ஒட்டினது:

- ஹோல்டிங் கோடு: ரெண்டு முழுக்கோடு, ரெண்டு விட்டு விட்டுப் போற கோடு. முழுக்கோடு நம்ம பக்கம்னா நில்லு.
- செவப்புப் பலகையில வெள்ள எழுத்து: அனுமதி இல்லாம தாண்டாத. கறுப்புல மஞ்ச எழுத்து: நீ நிக்கிற எடம். மஞ்சள்ல கறுப்பு: போற திசை.
- ஸ்டொப் பார் (ஹோல்டிங் கோட்டுல தரையில இருக்கிற லைட் வரிசை) செவப்பா எரிஞ்சா, டவர் போன்னு சொன்ன மாதிரி கேட்டாலும் தாண்டாத, திருப்பிக் கேளு.
- ரேடியோ செத்தா டவர் லைட்: நிலையான செவப்பு நில்லு, மினுங்குற செவப்பு ரன்வே, டாக்சிவே விட்டு வெலகு, மினுங்குற பச்சை கடக்கலாம், மினுங்குற வெள்ள அந்த ஏரியாவ விட்டே வெளிய வா.
- விமானத்து வயித்துல செவப்பு லைட் மினுங்கினா என்ஜின் ஓடுது, இல்லாட்டி ஓடப்போகுது.
- ரன்வே விட்டு வந்துட்டேன்னு எப்ப சொல்றது? பின்னால இழுக்கிற கடைசி டொலியும் (சாமான் ஏத்துற இழுவை வண்டி) கோட்டத் தாண்டின பொறகு.

கடைசில இருக்கிறது ஓட்டச் சோதனையில கேட்டாங்க, நிறைய பேர் முன் சக்கரம் தாண்டினதும் சொல்லிடுறாங்க.

ரன்வே நம்பர் ஏன் 04, மத்தப் பக்கம் ஏன் 22ன்னும் தெரிஞ்சு வச்சுக்கங்க. கொம்பஸ் திசை டிகிரிய பத்தால வகுத்து முழு எண்ணாக்கினது, எதிர்ப்பக்கத்துக்கு 18 வித்தியாசம். ஒரு தடவ புரிஞ்சா மறக்காது.

இன்னொண்ணு. ரேடியோ பட்டன அமுக்கி ஒரு செக்கன் விட்டுப் பேசுங்க. அமுக்கின உடனேயே பேசினா முதல் சொல் வெட்டுப்படும், "ஹோல்ட் ஷோர்ட்" போயிரும், டவருக்கு "ரன்வே சீரோ ஃபோர்" மட்டும்தான் கேக்கும்.